மூன்றாம் ஓலை

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பு ஓலையை மூன்றாம் முறையாக வாசித்த போதகர் வழக்கமான கடைசி வரிக்கு வந்தார். இந்த இருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்க வேண்டும். இந்த வரிக்குப் பிறகு அவர் ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு நிறுத்துவார். அதற்குள் சபை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிடும். கார்டன் ரீச் தமிழ்ச் சபையில் அந்த இடைவெளியில் யாரும் பேசியதாக யாருக்கும் நினைவில்லை.

"எனக்குத் தடை உண்டு" என்றார் சாலமோன் தவமணி.

அவர் பெண்ணின் அப்பா.

புரட்டிய கைகள் நின்றன. காலை வங்காள ஆராதனையின் பாட்டு எண்கள் இன்னும் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே மின்விசிறிகள் மட்டும் சுற்றின. இரண்டாவது வரிசையில் மகள் எப்சிபா முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மாப்பிள்ளை துஹின் மண்டல். தமிழ் தெரியாது. தன் பெயர் தமிழில் வாசிக்கப்படுவதைக் கேட்க ஆசைப்பட்டு வந்திருந்தான்.

"கீ ஹோலோ?" என்ன ஆயிற்று என்று கிசுகிசுத்தான்.

"அப்பா அப்ஜெக்‌ஷன் சொல்றார்" என்றாள் வங்காளத்தில். அலிப்பூர் நீதிமன்றத்தில் ஜூனியர் வக்கீலாக இருப்பவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

போதகர் சாமுவேல் மருதமுத்து கண்ணாடியைக் கழற்றினார். நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். கொல்கத்தா வந்தும் அது மாறவில்லை. "என்ன தடை, அண்ணாச்சி?"

"மாப்பிள்ளை பேர்ல ஒரு குறையும் இல்ல, ஐயரே. வங்காளின்னு நான் பேதம் பாக்கேன்னு யாரும் நினைக்கக் கூடாது. தங்கமான பையன்." தவமணியின் குரலில் நடுக்கம் இல்லை. "ஓலையில நவம்பர் மாசம்னு போட்டிருக்கு. நவம்பர் வராது. அதுக்கு முன்னால ஆண்டவர் வந்துருவார். நடக்காத கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கது சபைக்கு அழகில்ல."

பின் வரிசையில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசீர் எழுந்தார். "ஏ தவமணி, போன தடவ நீ சொன்னதைக் கேட்டுத்தான் நான் கரண்ட் பில் கட்டாம இருந்தேன். ஆண்டவர் வரல. ஃபியூஸைப் புடுங்கதுக்கு ஆள் வந்துட்டான்."

சபை சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை. எப்சிபாவும் சிரிக்கவில்லை.

தவமணி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். இரும்புத் தகடுகள் சேரும் இடத்தில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, அதன் மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மெல்லச் சிவப்புக் கோடாக வெளியே வரும். வாழ்நாள் முழுவதும் அந்தக் கோட்டைத் தேடியே பழகிய கண்கள் அவருடையவை. யுத்தச் செய்தி, பூகம்பச் செய்தி, கடைக்குக் கடை ஒட்டியிருக்கும் கியூ ஆர் கோடு, எதைப் பார்த்தாலும் அவருக்கு முடிவு காலத்தின் சிவப்புக் கோடு தெரிந்தது. குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறைச் சுவரில் கப்பலுக்குப் பூசும் பெயின்டாலேயே, உலகம் எப்படி முடியும் என்று ஒரு படம் வரைந்திருந்தார். தானியேல் கண்ட சிலையில் தொடங்கி ஏழு முத்திரைகள், ஏழு எக்காளங்கள், ஏழு கலசங்கள் என்று போய், இரகசிய வருகை, மகா உபத்திரவம், ஆயிர வருட அரசாட்சி வரை சுவர் முழுவதும் ஓடியது. புதன்கிழமைகளில் அதன் முன்னால் தீர்க்கதரிசன வகுப்பு நடக்கும். தளத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஷிப்ட் முடிந்து அப்படியே வருவார்கள். அவர் பணம் வாங்கியதில்லை, யாரையும் மிரட்டியதில்லை. சொல்வதை நம்பினார். அதுதான் வீட்டாருக்குச் சிரமமாக இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் எப்சிபாவுக்கு வேலூரில் நர்சிங் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஆண்டவருடைய வருகையின்போது குடும்பம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றார் தவமணி. அவள் போகவில்லை. இடம் வேறொருத்திக்குப் போயிற்று. குறித்த காலம் வந்தது, கடந்தது. தவமணி சுவரில் ஒரு பகுதிக்கு மட்டும் வெள்ளை அடித்து மீண்டும் எழுதினார். எப்சிபா அலிப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே விபத்து வழக்கு ஒன்றுக்காக விவரம் சேகரிக்க வந்தவன்தான் துஹின்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவர்களைத் தம் அங்கி மாற்றும் சின்ன அறைக்குள் அழைத்தார். தவமணி, அவர் மனைவி சுகிர்தா, எப்சிபா, துஹின். நாற்காலி இரண்டுதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

"ஓலைக்குத் தடைன்னா என்னென்னன்னு இருக்கு, அண்ணாச்சி" என்றார் போதகர். "ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கணும். கட்டக் கூடாத உறவா இருக்கணும். வயசு நிறையாம இருக்கணும். ஆண்டவருடைய வருகை அந்தத் தடையில வராது."

"சட்டத்துல வராது. வேதத்துல வரும். காலம் குறுகிப்போச்சுன்னு பவுல் சொல்லலையா? கல்யாணமானவனே ஆகாதவன் மாதிரி இருக்கணும்னு எழுதலையா?"

"எழுதினார். அதே பவுல்தான் தெசலோனிக்கே சபைக்கும் எழுதினார். ஆண்டவருடைய நாள் வந்துட்டுன்னு நம்பி வேலையை விட்டுட்டு உக்காந்தவங்களை, எந்திரிச்சுப் போய் வேலை செஞ்சு சாப்பிடுங்கன்னார்."

"நான் வேலைக்குப் போறேனே!"

"அதைத்தான் நானும் கேக்கேன்" என்றாள் எப்சிபா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"போன மாசம் புதுக் கப்பல் கட்ட ஆரம்பிச்சு அடியில கீல் போட்டாங்கள்லா? சட்டையைத் தேய்ச்சுப் போட்டுட்டுப் போனீங்க. லட்டு கொண்டாந்தீங்க. அந்தக் கப்பல் எப்ப தண்ணியில எறங்கும்?"

தவமணி வேதப் புத்தகத்தை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார்.

"வருஷக்கணக்கு ஆகும். கப்பலுக்கு வருஷம் இருக்கு. எனக்கு ரெண்டு மாசம் இல்லையா?"

"அது வேலை, எப்சி."

"சரி, வேலையைப் பத்தியே பேசுவோம். சிவப்புக் கோடு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"ரிஜெக்ட் பண்ணுவேன்."

"அப்புறம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். சுகிர்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கப்பா. விரிசல் இருக்குன்னு கப்பலை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவீங்களா?"

"அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு மறுபடியும் வெல்டு வைக்கச் சொல்லுவேன்."

"எதுக்கு?"

"கப்பல் கடலுக்குப் போவணும்லா" என்றார், யோசிக்காமல். சொன்ன பிறகு அவர் முகம் இறுகியது. "அது இரும்பு. இது வேதம். ரெண்டையும் குழப்பாத."

"நீங்கதான் குழப்புதீங்க. விரிசல் பாக்கதுக்கு உங்களுக்குக் கண்ணு குடுத்தவர், அதைக் காட்டிப் புள்ளைங்களைப் பயமுறுத்தவா குடுத்தார்? வேலூர் சீட் வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"அப்ப கணக்குல ஒரு பிசகு நேர்ந்துட்டு."

"பிசகு உங்களுக்கு. வருஷம் போனது எனக்கு."

துஹின் எதுவும் புரியாமல், ஆனால் எல்லாம் புரிந்தவனைப் போல் நின்றான்.

போதகர் மெதுவாகப் பேசினார். "அண்ணாச்சி, எரேமியாவை நினைச்சுப் பாருங்க. எருசலேமைச் சுத்தி எதிரி மண்மேடு போட்டிருக்கான். நகரம் விழும்னு சொன்னதே எரேமியாதான். சொன்னதுக்காகக் காவல்ல கெடக்காரு. அந்த நேரத்துல ஆண்டவர் அவரை என்ன செய்யச் சொன்னார்? நிலம் வாங்கச் சொன்னார். நாளைக்கு எதிரி கைக்குப் போற நிலம். சாட்சி வச்சு, பத்திரம் எழுதி வாங்குனார். ஏன்னா இந்தத் தேசத்துல மறுபடியும் வீடும் வயலும் வாங்குவாங்கன்னு ஆண்டவர் சொன்னார். அதுவும் தீர்க்கதரிசனந்தானே? உங்க சுவத்துல அந்த வயல் எங்க இருக்கு?"

"நகரம் மறுபடியும் எழும்ப எரேமியாவுக்கு எழுபது வருஷம் இருந்துச்சு, ஐயரே" என்றார் தவமணி. "நமக்கு இல்ல."

அவர் முட்டாள் இல்லை. அது போதகருக்கும் தெரியும்.

"நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாதுன்னு இருக்கே?" என்றாள் சுகிர்தா, ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

"நாளைச் சொல்லல, சுகிர்தா. காலத்தைச் சொல்லுதேன். எக்காளப் பண்டிகைக் காலம். யூதங்க அதை ரெண்டு நாள் கொண்டாடுதாங்க. அதுல எந்த நாள், எந்த நாழிகைன்னு எனக்கும் தெரியாது. பண்டிகை முடியட்டும். அதுவரைக்கும் பொறுங்கன்னுதான் கேக்கேன். தப்பா?"

"முடிஞ்சப்புறம்?" என்றாள் எப்சிபா. "சுவத்துக்கு வெள்ளை அடிப்பீங்க. அடுத்த பண்டிகை வரும். நான் பொறுப்பேன். என்னைக்கு முடியுது உங்க பண்டிகை?"

"இந்த மாசக் கடைசியில. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தோட."

"அப்ப கல்யாணம் அந்தச் செவ்வாய்க்கிழமை."

"விளையாடாத, ஏட்டி" என்றாள் அம்மா.

"விளையாடலம்மா. ஓலை மூணும் வாசிச்சாச்சு. என்னைக்கு வேணும்னாலும் கட்டலாம்லா, ஐயரே?"

"மூணு மாசத்துக்குள்ள எப்ப வேணும்னாலும்" என்றார் போதகர், எச்சரிக்கையாக.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அந்த நாளுக்கு நேரே சுவத்துல என்ன எழுதியிருக்கீங்க? மணவாளன் வருகிறார்னு எழுதியிருக்கீங்க. செவப்பு பெயின்ட்ல. மணவாளன் வர்ற அன்னைக்கு ஒரு கல்யாணம் நடந்தா அவர் கோவிச்சுக்குவாரா? மொத அற்புதத்தையே கல்யாண வீட்டுலதான் செஞ்சார். அவர் வந்தார்னா என்னைப் பட்டுச் சேலையில பாப்பார். வரலைன்னா நான் துஹின் வீட்டுக்குப் போவேன். ரெண்டுக்கும் நான் தயார். ஆயத்தமா இருங்க, ஆயத்தமா இருங்கன்னு புதன்கிழமை புதன்கிழமை சொல்லுதீங்களே, அப்படின்னா என்ன? வீட்டுக்குள்ள உக்காந்து நாளை எண்ணுததா?"

பிறகு துஹினிடம் வங்காளத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவன் நெற்றியைத் தேய்த்தான். "மா மேரே ஃபெல்பே" என்றான். அம்மா கொன்றுவிடுவாள் என்று அர்த்தம். பின் தவமணியை ஒருமுறை, எப்சிபாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "டீக் ஆச்சே" என்று சம்மதித்தான்.

தவமணி கதவைத் திறந்தார். "நான் வர மாட்டேன். அந்த ரெண்டு நாளும் நான் முழங்கால்ல நின்னு ஜெபத்துல இருக்கணும்."

"நீங்க முழங்கால்ல இருங்க" என்றாள் சுகிர்தா. "நான் பந்தியில இருக்கேன்."

தேதி வெளியே தெரிந்ததும் எல்லாத் திசையிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. சுபகாரியத்துக்கு ஆகாத ஆஷ்வின் மாதத்தில் யார் கல்யாணம் வைப்பார்கள் என்று காளிகாட்டில் துஹினின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று துஹினின் அம்மா பதில் சொன்னாலும், அவள் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது. குவார்ட்டர்ஸ் மாடியில் குடியிருந்த ராஜலக்ஷ்மி அக்கா எப்சிபாவைப் படிக்கட்டில் மறித்தாள். "புரட்டாசியில கல்யாணம் வச்சுட்டு பிரியாணி போடறியே, நாங்க வந்து வேடிக்கை பாக்கறதா?" தமிழ் காலண்டர், வங்காளக் காலண்டர், அப்பாவின் சுவர், எதிலும் அது நல்ல நாளாக இல்லை. "அப்ப யாரும் மண்டபத்துக்குப் போட்டிக்கு வர மாட்டாங்க" என்றாள் எப்சிபா. அக்காவுக்குத் தனியாகப் புளியோதரை செய்வதாக வாக்குக் கொடுத்தாள்.

வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே முன்னறையில் எதிரெதிராக வேலை செய்தார்கள். அவர் சுவரில் பெயின்ட் உரிந்த எழுத்துகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை வகுப்புக்கு வந்தவர்கள் சேலைப் பெட்டிகளைத் தாண்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் தயங்கியபடி, கல்யாணத்துக்கு வரலாமா வேண்டாமா என்று தவமணியைக் கேட்டார். "அது உங்க மனசாட்சி" என்றார் அவர். எப்சிபா ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, "பந்தி பன்னண்டு மணிக்கு" என்றாள்.

திங்கள் இரவு மழை பிடித்தது. விடிந்தபோது கார்டன் ரீச் சாலை வாய்க்காலாகிவிட்டது. துர்கா பூஜைப் பந்தல்களுக்கு நட்டிருந்த மூங்கில்கள் முழங்கால் நீரில் நின்றன. அரைகுறையாகக் கட்டிய துணி கிழிந்து தொங்கியது. ரயில் இல்லை, பஸ் இல்லை, மின்சாரம் இல்லை. காலை முழுவதும் இருட்டு விலகவில்லை. சபையில் பலர் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் போன் செய்து, எதையோ கேட்க வந்து கேட்காமல் வைத்தார்கள்.

தவமணி விடியலிலிருந்தே சுவரின் முன்னால் முழங்காலில் இருந்தார். சுகிர்தா புறப்படும்போது அவரைக் கூப்பிடவில்லை. எப்சிபா கதவருகில் சற்று நின்றாள்.

"போய்ட்டு வாரேம்ப்பா."

அவர் கண்களைத் திறக்கவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபமா பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மூலையில் சாமான் ஏற்றும் சைக்கிள் வண்டி ஒன்று கிடைத்தது. அம்மாவும் மகளும் பிரியாணி அண்டாவின் இரு பக்கமும் உட்கார்ந்து போனார்கள். தெருவோரத்தில் நின்றவர்கள் உலுத்வனி என்னும் குலவை எழுப்பி வழியனுப்பினார்கள். மணப்பெண் என்று தெரிந்தால் போதும், கொல்கத்தாக்காரர்களுக்கு மதம் இரண்டாம் பட்சம்.

துஹின் தாமதமாக வந்தான். வேட்டியின் கீழ்ப்பாதி சேற்று நிறம். அவன் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அழைத்தவர்களில் பாதிப் பேர்கூட வந்து சேரவில்லை. வந்தவர்கள் பெஞ்சுகளில் புடவையையும் வேட்டியையும் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"காலையில பாத்தப்ப, தவமணி சொன்னது சரிதானோன்னு எனக்கே ஒரு நடுக்கம்" என்று ஆசீர் பக்கத்து ஆளிடம் சொன்னார். "அப்புறம் பாத்தா எங்க தெரு சாக்கடை அடைச்சிருக்கு."

போதகர் பீடத்தில் இருந்த மெழுகுவத்தி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். காற்றில் அது இரண்டு முறை அணைந்தது. புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்து ஆராதனையைத் தொடங்கினார். கல்யாண ஆராதனையிலும் அந்தக் கேள்வி இன்னொரு முறை வருகிறது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போது சொல்லட்டும். இல்லாவிட்டால் என்றைக்கும் பேசாதிருக்கட்டும்.

அவர் நிறுத்தினார். அந்த இடைவெளியில் பின்பக்கம் தண்ணீர் அளையும் சத்தம் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் தவமணி நின்றார். இடுப்பு வரை நனைந்திருந்தார். காலில் தளத்துக்குப் போட்டுப் போகும் பூட்ஸ். கையில் கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கும்போது கொண்டுபோகும் பெரிய டார்ச், எரிந்தபடி. பின்னால் புதன்கிழமை வகுப்புக்காரர்கள் இருவர்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு" என்றார் அவர்களில் ஒருவர் ஆசீரிடம், தாழ்ந்த குரலில். "முழங்கால்ல நிக்க எடமில்ல. எக்காளம் வரைக்கும் சுவத்துல ஏறிட்டு."

தவமணி அதைக் கவனிக்கவில்லை. போதகரைப் பார்த்தார். போதகர் அவரைப் பார்த்தார். ஒரு மூச்சுக்கான இடைவெளி எப்போதோ கடந்துவிட்டது. துஹினின் கை எப்சிபாவின் கையைத் தேடிப் பிடித்தது. அவள் அப்பாவின் பக்கம் திரும்பி நேருக்கு நேர் நின்றாள். இன்னொரு தடை வந்தால் அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

"வாசியுங்க, ஐயரே" என்றார் தவமணி. "நான் சொன்னது சொன்னதுதான். சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடக்கு. அவர் வந்தார்னா அவரே நிறுத்திக்குவார். நான் எதுக்கு நடுவுல?"

யாரோ சிரித்தார்கள். இந்த முறை அவரும் லேசாகச் சிரித்தது போலிருந்தது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

"வாறதுன்னா இங்க வாங்கப்பா" என்றாள் எப்சிபா. "அங்க நின்னு வாசல்லயும் வானத்துலயும் டார்ச் அடிக்காதீங்க. ஐயருக்கு எழுத்து தெரியல."

பூட்ஸ் தண்ணீரைக் கக்கக் கக்க அவர் நடுவழியில் நடந்து வந்தார். மகளுக்கு இடப்பக்கம் நின்றார். டார்ச்சைத் திருப்பினார். வெல்டுக்கு மேல் பிடிப்பது போலவே, நடுங்காமல், சரியான கோணத்தில் புத்தகத்தின் மேல் வெளிச்சம் விழுந்தது. போதகர் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கு" என்றார் தவமணி மறுபடியும், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"இருக்கட்டும்" என்றாள் எப்சிபா. "அதுக்குள்ள இது முடிஞ்சிரும்."